பைச்சுங் பூட்டியாவின் இங்கிலாந்து ஒப்பந்தம்: தூத்தூர் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூரிலிருந்து நீரோடி வரை உள்ள கடலோர ஊர்களில் 'வெளிநாடு' என்றால் முதலில் வளைகுடாதான். பஹ்ரைன், கத்தார், சவூதி என்று போட்டில் மீன்பிடி வேலை. அதற்குப் போகிற ஆள் சும்மா கிளம்பிவிட மாட்டார். ஸ்பான்சர் யார், அவருக்கு எத்தனை போட், பங்கா மாசச் சம்பளமா, டீசல் செலவு யார் தலையில், முன்னே போன நம்ம ஊர்க்காரன் ஏன் பாதியில் திரும்பினான் என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கொடுப்பார். அதே வீட்டுப் பையனுக்கு "வெளிநாட்டு கிளப்பில் டிரயல்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்துவிட்டால் இந்தக் கேள்விகள் எல்லாம் எங்கே போகின்றன என்று தெரியவில்லை. பந்தயம் பார்க்கிற கண்ணோடு பார்க்கிறார்கள், வேலை பார்க்கிற கண்ணோடு பார்ப்பதில்லை.

கால்பந்தும் வேலைதான். அந்தக் கண்ணோடு பார்க்க ஒரு முழு வாழ்க்கையை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. இரவிபுத்தன்துறைக்காரரான மைக்கேல் சூசைராஜை எடுத்தால் இங்கே எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அவருடைய கிளப் வாழ்க்கை இந்தியாவுக்குள் நடந்தது. வெளிநாட்டு கிளப் ஒன்றில் கையெழுத்துப் போட்டு, அங்கே ஆடி, அடிபட்டு, திரும்பி வந்து, மறுபடி எழுந்த ஆள் வேண்டும். விளைவு என்ன ஆனது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு இந்திய அணியின் முன்னாள் தலைவர் பைச்சுங் பூட்டியாவைவிடப் பொருத்தமானவர் இல்லை. 1999ல் தொடங்கிய அந்தக் கோப்பு மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. பாசமோ கோபமோ இல்லாமல் திறந்து பார்க்கலாம்.

போவதற்கு முன் அவர் கையில் இருந்தது

பூட்டியா 1976 டிசம்பர் 15ல் தெற்கு சிக்கிமில் டிங்கிடாம் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தவர். நாட்டின் அந்த ஓரம் அது, இந்த ஓரம் நாம். பெரிய மைதானமோ பெரிய கிளப்போ அருகில் இல்லாத இடம் என்பதில் இரண்டும் ஒன்றுதான். இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகை கிடைத்து காங்டாக்கில் தாஷி நம்கியால் பள்ளியில் சேர்ந்தார். 1992 சுப்ரதோ கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர் விருது. அடுத்த வருஷமே, 16 வயதில், கொல்கத்தா ஈஸ்ட் பெங்காலில் ஒப்பந்தம்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். உதவித்தொகை, பள்ளி அணி, தேசியப் பள்ளிப் போட்டி, பெரிய கிளப் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள் இருக்கிறது. திறமை எல்லா ஊரிலும் இருக்கிறது. தாள் எல்லா ஊரிலும் இல்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1995ல் பஞ்சாபின் ஜேசிடி மில்ஸ் அணிக்கு மாறினார். 1996-97ல் நடந்த முதலாவது தேசிய கால்பந்து லீகை ஜேசிடி வென்றது; அதிக கோல் அடித்தவர் பூட்டியா. அப்புறம் மறுபடி ஈஸ்ட் பெங்கால். 1997 ஜூலை 13ல் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, எதிரே மோகன் பகான். கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேர். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்ற அந்த ஆட்டத்தில் பூட்டியா மூன்று கோல் அடித்தார். அந்த வயதில் அவ்வளவு கூட்டத்தின் முன் ஆடியவர்கள் ஐரோப்பாவிலேயே அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். 1998ல் அர்ஜுனா விருது. இந்திய அணியில் 1995லிருந்து நிரந்தர இடம்.

ஆக, 1999ல் கிளம்பும்போது அவர் கையில் மூன்று இருந்தன: லீகில் அடித்த கோல்களின் கணக்கு, தேசிய அணியில் ஆடிய ஆட்டங்களின் கணக்கு, 22 வயது. அன்று இங்கிலாந்தில் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்றால் இதில் இரண்டாவதுதான் அதிகம் பேசும். ஐரோப்பிய நாட்டுக்காரர் அல்லாத ஆட்டக்காரருக்கு அந்த நாட்டு விதி அப்போது பார்த்தது கோல் அழகை அல்ல, சொந்த நாட்டு அணியில் அவர் எவ்வளவு ஆடியிருக்கிறார் என்பதை.

எந்த கிளப், எந்தப் படி

ஃபுல்ஹாம், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன், ஆஸ்டன் வில்லா ஆகிய மூன்று இடங்களிலும் டிரயல் பார்த்தார். மூன்றும் கைகூடவில்லை. நான்காவதாகக் கிடைத்தது பெரி. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய நகரம். 1885ல் தொடங்கிய பழைய கிளப். 1903 எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் டெர்பியை 6-0 என்று அடித்த பெருமை அவர்களுக்கு உண்டு. ஆனால் 1999ல் பெரி ஆடியது இரண்டாம் டிவிஷனில். பெயர் இரண்டாம் டிவிஷன் என்றாலும் பிரீமியர் லீகையும் முதல் டிவிஷனையும் மேலே வைத்துப் பார்த்தால் அது மூன்றாம் படி.

மூன்று வருஷ ஒப்பந்தம். ஐரோப்பிய கிளப்போடு ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியர் என்று செய்தி வந்தது. 1936ல் முகமது சலீம் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக வெறுங்காலில் ஆடி வந்தார் என்பது அதற்கும் முந்தைய கதை. அது ஒப்பந்தம் போட்டுச் செய்த வேலை அல்ல.

இங்கே நம் ஊர் மீனவர் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்போம்: கூப்பிட்டது யார்? பெரியின் மேலாளராக இருந்த நீல் வார்னாக். அவர்தான் இந்த ஆளை வேண்டும் என்று சொன்னவர். இரண்டாவது கேள்வி: அவர் எவ்வளவு நாள் இருப்பார்? இதற்குப் பதில் டிசம்பரிலேயே வந்துவிட்டது. வார்னாக் ஷெஃபீல்டு யுனைடெட் கிளப்புக்குப் போய்விட்டார். பூட்டியா முதல் ஆட்டம் ஆடியது அக்டோபர் 3ல். கூப்பிட்டவரின் கீழ் அவருக்குக் கிடைத்தது இரண்டு மாதம்.

அதற்குப் பிறகு பொறுப்பேற்றவர் ஆண்டி பிரீஸ். அவரே முன்னணி வரிசையில் ஆடும் வீரர். ஆடிக்கொண்டே மேலாளர் ஆனவர். அவர் மீது குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் புது மேலாளருக்குத் தன் அணி பற்றித் தன் கணக்கு இருக்கும். முந்தையவர் வாங்கி வைத்த முன்கள ஆட்டக்காரரை மேலே தூக்கிவிட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கிளப்போடு போட்ட ஒப்பந்தம் மாறவில்லை, அதன் பின்னால் இருந்த விருப்பம் மாறிவிட்டது. ஒரு தாளில் இது தெரியாது.

மூன்று பருவங்கள்

முதல் சிக்கல் நாள்காட்டி. இங்கிலாந்துப் பருவம் ஆகஸ்டில் தொடங்கும். அதற்கு முன் ஜூலையில் எல்லோரும் ஒன்றாக ஓடி, ஒன்றாக அடி வாங்கி, அணியாக ஆகிறார்கள். விசா இழுபறியில் பூட்டியா போய்ச் சேர்ந்தது செப்டம்பர் கடைசி. ஆயத்தப் பயிற்சி இல்லை, நட்பு ஆட்டங்கள் இல்லை. ஓடுகிற பஸ்ஸில் ஏறியதுபோல நேராக லீகுக்குள்.

அக்டோபர் 3ல் கார்டிஃப் சிட்டிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். பந்து தரையில் படுமுன் அவர் அடித்த வாலி சக ஆட்டக்காரர் டேரன் புல்லக்கிடம் போய், அது பெரியின் இரண்டாவது கோல் ஆனது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அவருடைய சொந்த முதல் லீக் கோல் வந்தது 2000 ஏப்ரல் 15ல், செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராக. இடையில் ஆறு மாதத்துக்கு மேல். இந்திய லீகில் அதிக கோல் அடித்த ஆள் ஒரு முழு குளிர்காலம் கோல் இல்லாமல் இருந்திருக்கிறார்.

இதை வெறுமனே 'தரம் போதவில்லை' என்று எழுதிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் போனார்கள். நான் முழுக்க மறுக்கமாட்டேன். மேல் படியில் மூன்று டிரயல் கைகூடாமல் போனதும் ஒரு சாட்சிதான். ஆனால் அந்த டிவிஷனின் ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். டிசம்பரில், ஜனவரியில் சேறாகிப்போன மைதானம். பின்னால் இருந்து உயரத்தில் அடிக்கும் நீளப் பந்து. அதைத் தலையில் வாங்கி நிறுத்த உயரமும் பருமனும் உள்ள ஆள் வேண்டும். பூட்டியாவின் பலம் தரையில் வரும் பந்துக்கு விருட்டென்று திரும்புவதும், தடுப்பாளர் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் அரை அடி இடத்தைக் கண்டுபிடிப்பதும். அவருடைய கையிருப்புக்கு அந்தச் சந்தையில் விலை குறைவு. வேறொரு நாட்டில், வேறொரு லீகில், அதே ஆட்டத்துக்கு அதிக விலை கிடைத்திருக்கலாம்.

மொத்தக் கணக்கு: லீகில் 37 ஆட்டங்கள், 3 கோல். ஒரு பருவத்துக்கு 46 லீக் ஆட்டம் என்று வைத்தால் மூன்று பருவத்துக்கு 138. அதில் 37. அந்த 37லும் சில ஆட்டங்கள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவை. மூன்றாவது பருவத்தில் மூன்றே மூன்று ஆட்டம்தான். முழங்கால் திரும்பத் திரும்பத் தொந்தரவு கொடுத்தது.

முழங்கால் என்றதும் இங்கே சூசைராஜ் நினைவு வராமல் இருக்காது. சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் வழியாகக் கொல்கத்தாவின் ஏடிகேக்குப் போய், 2020 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பை வென்ற அணியில் இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர். 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்திய அணிக்கு அறிமுகம். அதே 2020 நவம்பரில், அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக, கால் மணி நேரம் ஆவதற்குள் முழங்காலில் அடி. அந்தப் பருவம் முழுக்கப் போயிற்று. அன்று சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை வீடுகளில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது வேறு: அடிபட்ட ஆட்டக்காரருக்குக் கிளப் எப்படி நடந்துகொள்ளும் என்பது கிளப்பின் பணப்பெட்டியைப் பொறுத்தது. பெரியின் பணப்பெட்டி என்ன நிலையில் இருந்தது என்று பார்த்தால்தான் மூன்றாவது பருவம் புரியும்.

கிளப்பின் கணக்குப் புத்தகம்

2002ல் பெரி கடனில் மூழ்கி, கடனைச் சமாளிக்க வெளியாள் ஒருவர் கிளப்பைப் பொறுப்பேற்று நடத்தும் சட்ட நிலைக்குப் போனது. அந்த வசந்தத்தில்தான் ஐடிவி டிஜிட்டல் என்ற ஒளிபரப்பு நிறுவனம் விழுந்தது. கீழ்ப் படி கிளப்புகளோடு 31.5 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள் அவர்கள். வரும் என்று நம்பிச் செலவு செய்திருந்த பணம் வரவில்லை. இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்கள் முழுக்க அந்த வருஷம் ஒரே நெருக்கடி. பெரி கீழே இறங்கியும்விட்டது. இரண்டாம் டிவிஷனிலிருந்து மூன்றாம் டிவிஷனுக்கு. பூட்டியாவின் ஒப்பந்தமும் அங்கே முடிந்தது.

இதில் ஆட்டக்காரர் செய்த தவறு என்று ஒன்றுமில்லை. முழங்கால் சரியாக இருந்திருந்தாலும் அந்தக் கோடையில் அவருக்கு அங்கே வேலை இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு விஷயம் மட்டும் அந்த நாட்டில் ஒழுங்காக இருக்கிறது. கிளப் திவாலாகும் நிலைக்குப் போனாலும், லீகில் தொடர்ந்து ஆட வேண்டும் என்றால் ஆட்டக்காரர்களின் சம்பள பாக்கியையும் மற்ற கிளப்புகளுக்கான பாக்கியையும் முழுக்கத் தீர்க்க வேண்டும். மீதிக் கடன்காரர்கள் அதற்குப் பிறகுதான். மளிகைக்காரருக்கும் துணி வெளுப்பவருக்கும் இது அநியாயம் என்று அங்கே பேச்சு உண்டு, சரியான பேச்சுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து போன ஆட்டக்காரருக்கு இதைவிடப் பெரிய காப்பு இல்லை. எல்லா நாட்டிலும் இப்படி இருக்காது. ஃபிஃபா 2018ல் கொண்டுவந்த விதிப்படி, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால் 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்டுவிட்டு, அப்போதும் வராவிட்டால் ஆட்டக்காரர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். 1999ல் இது இல்லை. இன்று போகிற பையன் இதைத் தெரிந்துகொண்டு போகலாம்.

பெரியின் பிற்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்ட் 27ல், பணப் பிரச்சினையால்தான், இங்கிலாந்து லீக் அவர்களை வெளியேற்றியது. நூறு வருஷத்துக்கு மேல் லீகில் இருந்த கிளப்.

திரும்பிய பிறகு

2002ல் கொல்கத்தா, மோகன் பகான். அந்த வருஷமும் காயத்திலேயே போனது. இங்கே நிறுத்திவிட்டால் இது தோல்விக் கதை. நம் ஊர்களில் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்துகிறோம். வெளிநாடு போய்த் திரும்பிய பையனைப் பார்த்து "பெஞ்சில இருந்துட்டு வந்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

2003ல் ஈஸ்ட் பெங்காலுக்குத் திரும்பினார். ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப். இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பெக் தெரோ சாசனாவை 3-1 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள். பூட்டியா 9 கோல், போட்டியிலேயே அதிகம். இதை எடுத்து "பார், இங்கிலாந்துப் பயிற்சியின் பலன்" என்று எழுதுவது சுலபம். நான் எழுதமாட்டேன். அந்த ஒன்பதில் ஆறு, பிலிப்பைன்ஸ் ராணுவ அணி என்ற ஒரே அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் வந்தவை. மீதி மூன்றுக்குத்தான் எடை அதிகம், அதிலும் இறுதியாட்டத்தில் அடித்ததற்கு.

என் கணிப்பு இது: பெரி அவரை நல்ல கோல்காரராக ஆக்கவில்லை, போகும்போதே அவர் நல்ல கோல்காரர். ஆனால் பெரிக்குப் பிறகு வெளிநாட்டு அணி, வெளிநாட்டு மைதானம், வெளிநாட்டு உடைமாற்றும் அறை அவருக்குப் புதிதல்ல. அதே 2003ல் மலேசியாவின் பேராக் அணி அவரை எடுத்துக்கொண்டது; 2005ல் செலாங்கூர் எம்கே லேண்டில் கொஞ்ச காலம். இந்திய அணிக்கு நீண்ட காலம் தலைவர். 2008ல் பத்மஸ்ரீ. 2011ல் இந்திய அணியிலிருந்து ஓய்வு. 2012 ஜனவரியில் டெல்லியில் பையர்ன் மியூனிக்கை வரவழைத்து வழியனுப்பு ஆட்டம். மூன்று வருஷத்தில் 37 ஆட்டம் என்ற கணக்கால் அந்த வாழ்க்கை மூழ்கிவிடவில்லை.

இன்னும் இரண்டு கோப்புகள், சுருக்கமாக

சுனில் சேத்ரி. 2009ல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்கத் தயார். பணி அனுமதி மறுக்கப்பட்டது. காரணம், ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடத்துக்குள் இல்லை. அவர் காலில் குறை இல்லை, நாட்டின் எண்ணில் குறை. 2010ல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி விசார்ட்ஸ் போனார். லீகில் ஆட வாய்ப்பே வரவில்லை. 2012ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பின் பி அணி, மூன்று ஆட்டம். 2013 தொடக்கத்தில் இரவல் முறையில் சர்ச்சில் பிரதர்ஸுக்கு வந்தார், அந்தப் பருவம் சர்ச்சில் அப்போதைய தேசிய லீகான ஐ-லீகை வென்றது. இரண்டு கண்டம், கைவிரல் விட்டு எண்ணும் ஆட்டங்கள். திரும்பி வந்து அடித்த கோல்கள் உலகத்துக்கே தெரியும்.

குர்பிரீத் சிங் சந்து கோல்கீப்பர். 2014 ஆகஸ்டில் நார்வேயின் ஸ்டாபெக். அந்த நாட்டின் மேல் லீகில் முதல் ஆட்டம் 2016 மே மாதம்தான். ஏறக்குறைய 21 மாதம் காத்திருந்தார்! இடையில் கோப்பை ஆட்டம், பயிற்சி, பெஞ்ச். 2016 ஜூன் 30ல் வேல்ஸின் கான்னாஸ் கீ அணிக்கு எதிராக இறங்கி யூரோப்பா லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆட்டத்திலேயே அடிபட்டு வெளியேறினார். 2017ல் பெங்களூரு எஃப்சி. அங்கே 2018-19, 2019-20 என்று அடுத்தடுத்து இரண்டு ஐஎஸ்எல் பருவத்தில் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை விருது. கோல்கீப்பருக்குப் பெஞ்ச் காலம் பயிற்சிக் காலம் ஆகலாம், ஏனென்றால் தினசரிப் பயிற்சியில் அவர் முன்னால் வந்து அடிப்பவர்கள் அந்த நாட்டு முதல் தர ஆட்டக்காரர்கள். முன்களத்தில் ஆடுபவருக்கு அப்படி அல்ல. அவர் ஆட வேண்டும். 22 வயதில் கோல் அடிக்காத ஒரு வருஷம் என்பது சம்பளம் வந்தாலும் இழப்புதான். வெளிநாட்டுத் தாள் வந்தால் பையன் எந்த இடத்தில் ஆடுகிறவன் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே வந்து பார்த்தால்

தாள் விஷயத்துக்கு வருகிறேன். கடந்த சில வருஷங்களாக அந்த மாதிரி டிரயல் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டும் தகப்பன்மார் அதிகமாகிவிட்டார்கள். ஆழ்கடலுக்குப் போய் வந்த களைப்போடு ஒருவர் வந்து கேட்டார்: "சாரே, பயலுக்கு ஐரோப்பாவில இருந்து காயிதம் வந்திருக்கு. மூணு லட்சம் கட்டணுமாம். கட்டலாமா?" பையனுக்கு வயது 17.

"ஒங்களுக்கு வளைகுடாவில வேலை தந்தவன் ஒங்ககிட்ட காசு கேட்டானா, இல்ல டிக்கெட் எடுத்துத் தந்தானா?"

"டிக்கெட் அவன்தானே எடுத்தான்."

அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் விதியையும் சொன்னேன். ஃபிஃபா விதிப்படி 18 வயது முடியாத ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாற்றிப் பதிவு செய்யக் கூடாது. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்வது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. தூத்தூரில் இருந்துகொண்டு அதில் எதுவும் பொருந்தாது. முகவர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கும் 2023லிருந்து ஃபிஃபா தேர்வெழுதிப் பெற்ற உரிமம் வேண்டும். பெயர்ப் பட்டியல் ஃபிஃபா தளத்திலேயே இருக்கிறது, தேடிப் பார்க்க ஐந்து நிமிடம். உண்மையான மாற்றத்தில் சேர்க்கிற கிளப் ஃபிஃபாவின் கணினி முறையில் விவரம் ஏற்ற வேண்டும், நம் நாட்டுச் சம்மேளனம் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். இதில் எங்குமே ஆட்டக்காரரின் அப்பா மூன்று லட்சம் கட்டும் இடம் இல்லை.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறு ஒன்று. ஏமாற்றுக்காரனை நாம் எப்படியும் பிடித்துவிடுவோம். இந்தக் கரையில் ஏமாற்றுத் தெரியாதவர் கிடையாது. உண்மையான கிளப் ஒன்று கேட்டால் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

ஒரு ஆட்டக்காரர் வெளிநாடு மாறும்போது அவருடைய ஆட்டக்காரர் கடவுச்சீட்டு என்ற பதிவு கேட்கப்படும். 12 வயது ஆன பருவத்திலிருந்து எந்த எந்த கிளப்பில் பதிவாகி ஆடினார் என்ற வரலாறு அது. நம் பையன்களில் பலர் 12 வயதிலிருந்து மணலில் ஆடுகிறார்கள், ஊர்க் கிளப் ஜெர்சி போடுகிறார்கள், ஈஸ்டருக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் நடக்கும் டோர்னமென்டில் கோப்பை வாங்குகிறார்கள். அப்புறம் கேரளத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களுக்குப் போய் ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். செவன்ஸ் அகில இந்தியச் சம்மேளனத்தின் கணக்கில் வராத ஆட்டம். ஊர் டோர்னமென்டும் அப்படியே. எட்டு வருஷம் ஆடிய பையனுக்குப் பதிவில் எட்டு வரிகூட இருக்காது. கல்லூரி அணியில் சேர்ந்தால் ஏதாவது பதிவாகும். தூத்தூர் புனித யூதா கல்லூரி இல்லாமல் இந்தக் கரையில் பல பேருடைய ஆட்டம் வெளியே தெரிந்திருக்காது என்பதை மறுக்க முடியாது. சூசைராஜும் அங்கிருந்து போனவர்தான்.

இது மரியாதை விஷயம் மட்டும் இல்லை, பண விஷயமும்தான். ஒப்பந்தக் காலத்தில் ஒரு ஆட்டக்காரர் விலைக்கு வேறு நாட்டு கிளப்புக்கு மாறினால் அந்தத் தொகையில் 5 சதவீதம், அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை வருஷத்துக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை வருஷத்துக்கு 0.5. ஊர்க் கிளப் ஒன்று நான்கு வருஷம், 12 முதல் 15 வயது வரை, ஒரு பையனைப் பதிவு செய்து வைத்திருந்து, அவன் பின்னால் 1 கோடி ரூபாய்க்கு மாறினால், கிளப்புக்கு 1 லட்சம். மாறுகிற ஒவ்வொரு தடவையும் இப்படி வரும். ஒரு லட்சம் என்றால் நம் கிளப்புகளுக்கு ஒரு வருஷத்துப் பந்தும் வலையும். இது போக, முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது வளர்த்த கிளப்புகளுக்குப் பயிற்சி இழப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு. பதிவு இல்லாத கிளப்புக்கு இரண்டும் வராது. விலை இல்லாமல், ஒப்பந்தம் முடிந்து மாறுகிறவருக்கு அந்த 5 சதவீதப் பங்கு எழாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரும்பாலான இந்திய ஆட்டக்காரர்கள் வெளிநாடு போவது அப்படித்தான்.

பூட்டியா விஷயத்தில் பள்ளியும் தேசியப் போட்டியும் பெரிய கிளப்பும் அடுத்தடுத்து இருந்ததால் பெரி போன்ற ஒரு கிளப் கேட்டபோது காட்ட எல்லாம் இருந்தது. தேசிய அணி ஆட்டங்களும் இருந்தன, அனுமதியும் கிடைத்தது. சேத்ரிக்கு அதுவும் இருந்தும் நாட்டின் தரவரிசை தடுத்தது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், இங்கிருந்து 20 வயதில் நேராக இங்கிலாந்து என்ற பேச்சை நாமே குறைத்துக்கொள்வது நல்லது. தேசிய அணியில் ஆடாத பையனுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள லீகுகள், பருவத்துக்குப் பருவம் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு இடம் வைத்திருக்கும் கிளப்புகள், இவைதான் முதல் படி. மலேசியாவில் பூட்டியாவை வாங்கியவர்கள் பெரியின் 37 ஆட்டத்தைப் பார்த்து வாங்கவில்லை, அதே வருஷம் ஜகார்த்தாவில் அவர் ஆடியதைப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அந்த 17 வயதுப் பையன் இப்போது கல்லூரி அணியில் இடது ஓரத்தில் ஆடுகிறான். வயது 18 ஆனதும் சம்மேளனப் பதிவு எண் வாங்கியாகிவிட்டது. ஊர்க் கிளப்பை மாவட்டச் சங்கத்தில் பதிவு செய்வது பற்றிக் கமிட்டியில் பேச்சு எடுத்திருக்கிறோம். நிரந்தர முகவரி யாருடையது, செயலாளராக யார் கையெழுத்துப் போடுவது, சந்தா யார் கட்டுவது என்ற மூன்று விஷயத்தில் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.